தம்பியை எந்த ஆலோசகரிடம் அனுப்புவது? வீட்டில் நான் செய்ய வேண்டியது என்ன?

கேள்வி (திருப்பாதிரிப்புலியூர், கடலூர்):
அனைவருக்கும் வணக்கம். புதுச்சேரியில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் என் தம்பி, தனக்கு ஆண்கள் மீதே ஈர்ப்பு இருப்பதாக அண்மையில் என்னிடம் சொன்னான். எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. ஆனால் அவனுடைய கைப்பேசியைப் பார்த்து விஷயத்தை அறிந்துகொண்ட அம்மா, மாத்திரையாலும் ஆலோசனையாலும் மாற்றிவிடலாம் என்று கூறும் ஒருவரிடம் அவனை அழைத்துச் செல்ல நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார். தம்பி சரியாக உறங்குவதில்லை. வார இறுதியில் வீட்டுக்கு வருவதையும் நிறுத்திவிட்டான். அவனுக்குச் சிகிச்சை தேவையா? அக்காவாக நான் எப்படித் துணை நிற்பது?

பதில் (உளவியல் ஆலோசகர், புதுச்சேரி):
சகோதரிக்கு வணக்கம். முதலில் அந்தப் பயணத்தைத் தடுத்து நிறுத்துங்கள். தன்பாலீர்ப்பை உலக சுகாதார நிறுவனம் 1990ஆம் ஆண்டிலேயே நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. அதை மாற்றுவதாகச் சொல்லும் சிகிச்சை முயற்சிகளுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் மாதம், சுஷ்மா வழக்கில், தடை விதித்தது. புதுச்சேரியும் அந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள்தான் வருகிறது. மறு ஆண்டே தேசிய மருத்துவ ஆணையம் இத்தகைய சிகிச்சையை மருத்துவர்களின் தொழில்முறை ஒழுங்கீனமாக அறிவித்தது.

உங்கள் தம்பியின் ஈர்ப்புக்குச் சிகிச்சை தேவையில்லை; அவனுடைய உறக்கமின்மைக்கும், வீட்டை நினைத்தால் எழும் அச்சத்துக்கும் உதவி தேவைப்படலாம். அதை அவன் விரும்பி நாட வேண்டும். மருத்துவ உளவியலாளர் எனில் இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு எண்ணைக் கேட்டுச் சரிபாருங்கள். நேரம் குறிப்பதற்கு முன்பே, "தன்பாலீர்ப்பை மாற்ற முடியுமா?" என்று தொலைபேசியில் கேளுங்கள், "முயன்று பார்க்கலாம்" என்று பதில் வந்தால் அவரிடம் போக வேண்டாம். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உள்ளது. சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று தம்பியிடம் நேரடியாகவே கேட்டுவிடுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

பதில் (பண்ருட்டி):
நானும் தன்பாலீர்ப்பாளன்தான். மேலே சொன்னவை அனைத்தும் சரியே, ஆனால் ஆலோசனை முதலில் தேவைப்படுவது அம்மாவுக்கு என்பேன். அந்தத் தீர்ப்பை எழுதிய நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், தமக்கு இந்த விஷயத்தில் போதிய புரிதல் இல்லை என்பதை வெளிப்படையாகப் பதிவுசெய்து, ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டறிந்த பின்னரே தீர்ப்பு வழங்கினார் என்பதை அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள். நம் ஊரில் சட்டத்தைவிட இப்படிப்பட்ட செய்திக்குத்தான் மரியாதை அதிகம்.

என் அக்கா எனக்காகப் பெரிதாக எதையும் வாதாடவில்லை. "எப்போது கல்யாணம்?" என்று பெரியம்மா தொடங்கும்போதெல்லாம் பேச்சை மாற்றினார், என் அனுமதியின்றித் தம் கணவரிடம்கூட விஷயத்தைச் சொல்லவில்லை. எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. சித்தப்பாவிடம் சொல்லி அவர் மூலம் அம்மாவைச் சமாதானப்படுத்தலாம் என்று நினைத்திருந்தேன். தம்பியைக் கேட்காமல் இனி அவரிடம் பேசமாட்டேன். அம்மாவை ஆலோசனைக்கு அழைத்தால், "எனக்கா பைத்தியம்?" என்று கேட்பார் என்பதுதான் கவலை.

பதில் (உளவியல் ஆலோசகர், புதுச்சேரி):
அவருக்கான சிகிச்சை என்று சொல்லாமல், மகனைப் பற்றிய ஐயங்களைக் கேட்டுத் தெளியலாம் என்று அழையுங்கள்; பெரும்பாலான தாய்மார்கள் அதற்கு இசைவார்கள். அந்த முதல் சந்திப்பில் தம்பி உடனிருக்க வேண்டாம். அம்மா மனத்தில் உள்ளதையெல்லாம் கொட்டுவார். அவற்றில் சில, மகன் கேட்கக் கூடாதவையாக இருக்கும்.