ஊராட்சி ஆபீஸ் வரைக்கும் வந்த ஃபைபர் அந்துபோச்சு, யார்கிட்ட போகணும்?

வணக்கம் நண்பர்களே. ஊராட்சிகளுக்கு இன்டர்நெட் கொடுக்குற பாரத்நெட் திட்டத்துல தமிழ்நாட்டுல இருக்குற 12,525 ஊராட்சிக்கும் ஃபைபர் கேபிள்னு சொன்னாங்க. எங்க ஊராட்சி ஆபீஸுக்கும் வந்துச்சு, பெட்டியும் மாட்டினாங்க. போன ஐப்பசி மழையில ஈபி கம்பம் ஒண்ணு சாய்ஞ்சுது. மறுவாரமே புதுக் கம்பம் நட்டாச்சு, அந்துபோன கேபிளை மட்டும் யாரும் ஒட்டலை. கம்பத்துல கருப்பு வளையமா சுருட்டித் தொங்குது. அதுல குருவி கூடு கட்டிடுச்சு. ஆபீஸ் பெட்டியில சிவப்பு விளக்கு மினுக்கிக்கிட்டே இருக்கு. சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கக்கூட 9 கிலோமீட்டர் பஸ்ல போய் இ-சேவை மையத்துல நிக்கிறோம்.

திங்கக்கிழமை மனுநாள்ல ரெண்டு தடவை மனு கொடுத்தேன். ரசீது பத்திரமா இருக்கு, வேலைதான் நடக்கலை.

இதே மாதிரி அந்துபோய் திரும்ப சரியான ஊர்க்காரங்க யாராவது இருக்கீங்களா? எந்த அதிகாரிக்கு எழுதினீங்க, ஆர்டிஐ போட்டா நகருமா? ஊராட்சி இணைப்புலேருந்து வீடுகளுக்கும் லைன் வாங்கியிருந்தா, மாசம் எவ்வளவு ஆகுதுன்னும் சொல்லுங்க.

அக்டோபர் 2 கிராம சபையில தீர்மானம் போடலாம்னு இருக்கோம். இது சம்பந்தமா உங்க ஊர்ல போட்ட தீர்மானம் இருந்தா ஒரு போட்டோ எடுத்து கமெண்ட்ல போடுங்க, புண்ணியமா போகும்.