கிளப் இடத்தில் வணிக வளாகம் வேண்டுமா? நாகர்கோவில் உறுப்பினர்கள் பேசுங்கள்

மணிமேடை வாசி:
நம்ம விளையாட்டு கிளப் பொதுக்குழுவுக்கு அழைப்பு வந்திருக்கு. தீர்மானம் ஒண்ணே ஒண்ணுதான். மீனாட்சிபுரம் பக்கத்துல இருக்கிற 60 சென்ட் மைதானத்தையும் பழைய ஓட்டுக் கட்டடத்தையும் கூட்டு ஒப்பந்தத்துல ஒரு கட்டுமான நிறுவனத்துக்குக் கொடுக்கணுமாம். அழைப்பைப் பார்க்காதவங்களுக்காகச் சொல்றேன்: தரைத்தளமும் முதல் மாடியும் கடைகள். இரண்டாம் மாடியில கிளப்புக்கு 6,000 சதுர அடி உள்ளரங்கம். அதுக்கு மேல அலுவலகங்கள். கடன், சொத்துவரி பாக்கி, கரண்ட் பில் எல்லாத்தையும் அவங்க கட்டிடுவாங்க. பதிலுக்கு நிலத்துல 65 விழுக்காடு பிரிபடாத பங்கை அவங்க பேருக்குக் கிரயம் பண்ணிக் கொடுக்கணும்.

நான் எதிர்க்கிறேன். கட்டடம் வரக்கூடாதுன்னு சொல்லல. கிரயம் பண்ணின மண்ணு திரும்பி வராது. இன்னைக்கு இருக்கிற கமிட்டிக்கு அந்த முடிவை எடுக்கிற உரிமை இல்லைன்னு நினைக்கிறேன்.

பழைய பொருளாளர்:
கணக்கைப் பாக்காம எதிர்க்குறது சுலபம் தம்பி. 2022-ல தமிழ்நாடு முழுக்கச் சொத்துவரி ஏறினப்போ நமக்கும் ஏறிச்சு. சந்தா கட்டுற ஆளு வருசா வருசம் குறையுது. மேற்குச் சுவர் மழையில விழுந்து அப்படியே கிடக்கு. ராத்திரி லைட்டு போட்டா கரண்ட் பில் கட்ட முடியல. போடலேன்னா வேலைக்குப் போய்ட்டு வாற பையன்கள் விளையாட முடியாம டர்ஃபுக்கு, அதான் மணிக்கு இவ்வளவுன்னு காசு வாங்குற செயற்கைப் புல் மைதானத்துக்குப் போயிடுறான். அவன் போனதும் சந்தாவும் போச்சு. டோர்னமென்ட் நடத்த ஸ்பான்சர் கேட்டுக் கடை கடையா ஏறி இறங்கினது நாங்க. இப்படியே விட்டா மைதானமும் மிஞ்சாது, கிளப்பும் மிஞ்சாது.

வடசேரி பையன்:
அண்ணே, டர்ஃபுக்குப் போறவன் காசு உள்ளவன். கோட்டாத்துலயும் வடசேரியிலயும் கடைகளுக்கு மூட்டை தூக்குறவருக்க பிள்ளைகளும் ஆட்டோ ஓட்டுறவருக்க பிள்ளைகளும் எங்க போவும்? மணிக்கணக்குக்குப் பணம் எண்ணி வைக்க அவியளால முடியுமா? நமக்க கிளப்புக்க வாசல் கேட் இன்னும் பூட்டாம கிடக்குறதுனாலதான் சாயங்காலம் அந்தப் பிள்ளைகள் பந்து உருட்டுது. அதையும் எடுத்துராதீங்க.

பார்வதிபுரம் ரெசிடென்ட்:
அண்ணா ஸ்டேடியம் இருக்கே? நகரத்துக்கு நடுவுல இன்னொரு சின்ன மைதானம் எதுக்கு? அந்த ரோட்டுல வண்டி நிறுத்த இடமில்லாம ஜனங்க படுற பாடு உங்களுக்குத் தெரியாதா? வளாகம் வந்தா கீழே பார்க்கிங்காவது வரும்.

வடசேரி பையன்:
ஸ்டேடியத்துல சுதந்திர தினம், குடியரசு தினம், அதுக்கு ஒத்திகை, அப்புறம் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி. அது மாவட்டத்துக்கே பொதுவான இடம். தெருப் பிள்ளைகள் தினமும் போய் விளையாட முடியாது. பார்க்கிங் வேணும்னா கடை கட்டுறவன் அவன் நிலத்துல விடட்டும். பிள்ளைகள் விளையாடுற இடத்துல எதுக்கு?

சைட் இன்ஜினியர்:
நான் உறுப்பினர் இல்லை, கட்டட வேலையில இருக்கேன். பிளானைப் பாத்தேன். ரெண்டு பக்கமும் பேசாத விசயம் ஒண்ணு அதுல இருக்கு.

60 சென்ட்னா 26,136 சதுர அடி. 2019 கட்டட விதிகள்படி உயரம் 18.3 மீட்டருக்குள்ள இருக்கிற கட்டடத்துக்கு எஃப்.எஸ்.ஐ. (நிலப்பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம்ங்கிற அளவு) 2. அதாவது சுமார் 52,000 சதுர அடி வரை கட்டலாம். அதுல கிளப்புக்கு 6,000. நிலத்துல 35 விழுக்காட்டை வச்சிருக்கிறவங்களுக்குக் கட்டடத்துல எட்டில் ஒரு பங்குகூட வரல. இது பேரம் பேசி வந்த கணக்கு மாதிரித் தெரியல.

அதைவிட முக்கியம் உயரம். பிளான்ல எல்லாத் தளத்துக்கும் 12 அடிதான் போட்டிருக்கு. வாலிபால் கோர்ட்டுக்கு மேல 7 மீட்டராவது தடையில்லாம இருக்கணும், அதாவது 23 அடி. ஷட்டிலுக்கு 9 மீட்டர் வேணும், 30 அடி. அந்த 12 அடியிலயும் பீம் கீழே தொங்கும். சர்வீஸ் போட்டா சீலிங்ல அடிக்கும். அந்த 6,000 சதுர அடியில கேரமும் செஸ்ஸும் டேபிள் டென்னிஸும் விளையாடலாம். அதுக்கு உள்ளரங்கம்னு பேர் போட்டு ஓட்டு கேக்குறது சரியில்லை.

ஆனா எதிர்க்கிறவங்களும் ஒண்ணு ஒத்துக்கணும். பதினொரு பேர் கால்பந்துக்கு விதியில உள்ள குறைஞ்ச அளவே 90-க்கு 45 மீட்டர். அது மட்டுமே ஏறக்குறைய 100 சென்ட். நம்ம இடத்துல அது எந்தக் காலத்துலயும் நடக்காது. செவன்ஸ் (ஏழு பேர் கால்பந்து) விளையாடலாம், வாலிபால் விளையாடலாம், சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கலாம். அதுக்குத் தக்கபடி திட்டம் போடணும்.

தூத்தூர் பந்து:
எங்க பக்கம் வந்து பாருங்க. தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை எல்லாம் கடலுக்கும் வீட்டுக்கும் நடுவுல நெருக்கிக் கிடக்குற ஊரு. அங்க கிரவுண்டுல கை வைக்க ஊரு விடாது. கால்பந்து வீரர் மைக்கேல் சூசைராஜ் இரவிபுத்தன்துறை மணல்ல ஓடின கால்லதான் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) போனான். நாகர்கோவில்ல இவ்வளவு படிச்சவங்க இருந்தும் ஒரு 60 சென்டைக் காக்க முடியலேன்னா வருத்தமா இருக்கு.

பழைய பொருளாளர்:
தம்பி, உங்க ஊர்ல ஊரும் தேவாலயப் பங்கும் சேந்து செலவு பண்ணுது. டவுன்ல யாரு பண்ணுவா? இந்த இடத்துக்கு சென்ட் விலை என்ன போவுதுன்னு தெரியும்லா. அந்த விலையில உக்காந்துகிட்டு கரண்ட் பில் கட்ட முடியாம தவிக்கிறோம்.

ஒரு அம்மா:
என் மகள் வாலிபால் விளையாடுறா. இந்தக் கிளப்புக்கு அனுப்பிக்கிட்டிருந்தேன், இப்போ நிறுத்திட்டேன். ஒரு கழிப்பறை இல்லை. உடை மாத்த ஒரு அறை இல்லை. ஆறு மணிக்கு இருட்டினதும் விழுந்த சுவர் வழியா யார் யாரோ உள்ள வந்து உக்காந்து குடிக்கிறாங்க. மைதானத்தைக் காப்பாத்தணும்னு இங்க எழுதுற யாரும் இதைப் பத்தி ஒரு வரிகூட எழுதல. பொம்பளப் பிள்ளைகளுக்கு அந்த மைதானம் ஏற்கனவே இல்லாமத்தான் இருக்கு. புதுக் கட்டடத்துல பூட்டுப் போட்ட கழிப்பறையும் வெளிச்சமும் இருக்கும்னா, 12 அடி உயரமானாலும் நான் ஆதரிப்பேன்.

மணிமேடை வாசி:
அக்கா, நீங்க கேக்குறது முதல்ல நடக்க வேண்டியது. ஒரு கழிப்பறையும் நாலு லைட்டும் சுவரும் கட்ட 65 விழுக்காடு நிலத்தைக் கொடுக்கத் தேவையில்லைங்கறதுதான் என் வாதம். ரோட்டு முகப்புல மட்டும் ஒரு வரிசைக் கடை, 10 சென்டுக்குள்ள. நிலம் கிளப் பேர்லயே இருக்கட்டும். கட்டுறவர் குறிப்பிட்ட வருசம் வாடகை எடுத்துட்டு கட்டடத்தைத் திருப்பிக் கொடுக்கணும்னு பதிவு பண்ணின குத்தகை போடலாம். மிச்சம் 50 சென்டுல செவன்ஸ் கிரவுண்டு, பக்கத்துல ஒரு வாலிபால் கோர்ட்டு, மகளிருக்குத் தனி அறை. நமக்கு ஆடியிலயும் மழை, ஐப்பசியிலயும் மழை. அதனால வாலிபால் கோர்ட்டுக்கு மேல உயரமா ஒரு தகரக் கூரை போதும்.

ஆதாரம் எழுதுறவர் மகன்:
அதுக்கெல்லாம் முன்னாடி ஒரு கேள்வி. மூல ஆதாரத்தை, அதான் நிலத்தோட பழைய பத்திரத்தை யாராவது வாசிச்சீங்களா? கிளப் 1956-க்கு முந்தினது. அப்போ நம்ம பகுதி திருவிதாங்கூர்-கொச்சியோட இருந்துது, தமிழ்நாட்டுல சேரல. அதனால ஆதாரம் மலையாளத்துல இருக்கலாம். நிலம் கிரயமா வந்துதா, தானமா வந்துதா, சர்க்கார் குத்தகையா வந்துதான்னு அதுலதான் தெரியும். விளையாட்டுக்கு மட்டும்னு நிபந்தனை இருந்தா, தீர்மானம் நூறு சதவீத ஓட்டுல நிறைவேறினாலும் கோர்ட்டுல நிக்காது. ஆன்லைன்ல வில்லங்கச் சான்று போட்டுப் பாத்தா போதாது, இவ்வளவு பழைய பத்திரம் அதுல வராம போகலாம். சார்பதிவாளர் ஆபீஸ்ல கையால எழுதின பழைய பதிவுப் புத்தகத்தைத் தேடச் சொல்லணும். இப்பவும் மலையாளம் வாசிக்கிற பெரியவங்க கல்குளம், விளவங்கோடு பக்கம் நிறைய இருக்காங்க. ஒரு நாள் வேலை.

பார்வதிபுரம் ரெசிடென்ட்:
இப்படி ஒவ்வொரு பேப்பரா தேடிக்கிட்டிருந்தா நிறுவனம் வேற இடம் பாத்துட்டுப் போயிடும்.

ஆதாரம் எழுதுறவர் மகன்:
போகட்டும். மூல ஆதாரம் பாக்காம பணம் போடுற நிறுவனத்தை நம்பி கிளப் எப்படி இறங்கும்?

பழைய பொருளாளர்:
ஆதாரம் ஆபீஸ் பீரோவுல இருக்கு. செயலாளர்கிட்ட சாவி வாங்கி ஞாயிற்றுக்கிழமை காலையில எடுத்து வைக்கிறேன், மலையாளம் தெரிஞ்சவரைக் கூட்டிட்டு வாங்க. உயரக் கணக்கையும் பங்குக் கணக்கையும் இன்ஜினியர் தம்பி எழுதிக் கொடுத்தா நிறுவனத்துக்கிட்ட நானே கேக்குறேன். ஆனா 10 சென்ட் கடைத் திட்டம் சொல்ற மணிமேடைத் தம்பி, முதல் பணம் யாரு போடுவா, அதுவரைக்கும் வரிபாக்கியை எதுல கட்டுறதுன்னு ஒரு தாள்ல எழுதிக் கொண்டு வரணும். அது இல்லாம கூட்டத்துல உங்க பக்கம் கை தூக்க என்னால முடியாது.

மணிமேடை வாசி:
கொண்டு வாறேன் அண்ணே. ரெண்டு வங்கியில கேட்டு, கடைக்கு முன்பணம் கொடுக்கத் தயாரா இருக்கிறவங்க யார்னும் விசாரிச்சு எழுதுறேன். கழிப்பறையும் சுவரும் முதல் மூணு மாசத்துக்குள்ள முடியணும்னு அதுல முதல் வரியா வரும். அந்த அம்மாவும் ஞாயிற்றுக்கிழமை வந்தா நல்லது.

ஒரு அம்மா:
வாறேன். மகளையும் கூட்டிட்டு வாறேன்.