பலகை மடல்களைச் செய்திக்குழுவுக்கு அனுப்பும் ‘ஸ்கேன்’ – ‘வருடுதல்’ பொருந்துமா?

அன்புள்ள குழு நண்பர்களுக்கு,

வணக்கம். பலகை என்று இங்கே சொல்வது, தொலைபேசி வழியே அழைத்து மடல்களை எழுதவும் படிக்கவும் உதவிய கணினி அறிவிப்புப் பலகையை (BBS). செய்திக்குழு என்பது யூஸ்நெட் என்ற உலகளாவிய உரையாடல் வலையமைப்பின் ஒரு பிரிவு. பலகையில் எழுதிய மடல்களைச் செய்திக்குழுவுக்கு அனுப்புவதற்காகக் கண்டெடுக்கும் வேலைக்கு ‘ஸ்கேன்’ என்று பெயர். வலைக்கு முந்திய கணினித் தொடர்புகளுக்கான நம் சொற்பட்டியலில் ‘ஸ்கேன்’ என்பதற்கு ‘வருடுதல்’ என்றும், அவ்வேலையைச் செய்யும் நிரலுக்கு ‘வருடி’ என்றும் ஐயா அவர்கள் சென்ற வாரம் முன்மொழிந்திருந்தார்கள். வேறு இரண்டு நண்பர்கள் ‘துழாவி’, ‘திரட்டி’ என்ற சொற்களைத் தந்திருந்தார்கள். மூன்றையும் வைத்து ஒரு நீண்ட கட்டுரை எழுதிப் பார்த்தேன். மூன்றுமே இந்த இடத்தில் நிற்கவில்லை.

‘வருடி’யை வைத்து எழுதிய முதல் வரைவைக் கல்லூரி மாணவி ஒருவரிடம் படிக்கக் கொடுத்திருந்தேன். “பலகையில் எழுதப்பட்ட மடல்கள் இரவில் வருடியின் மூலம் செய்திக்குழுவுக்குச் சென்றன” என்ற வரியில் அவர் நின்றுவிட்டார். அந்தக் காலத்தில் மடல்களைத் தாளில் அச்சிட்டுப் படம் பிடித்தா அனுப்பினார்கள் என்று கேட்டார். கேட்டதில் தவறில்லை. வருடி என்றவுடன் கண்ணாடித் தட்டின் மேல் தாளைக் கவிழ்த்து மூடும் கருவிதான் இன்று தமிழ் வாசகரின் மனத்தில் வருகிறது. என் கட்டுரை அவருக்குப் பொய்யான ஒரு காட்சியைக் கொடுத்துவிட்டது என்பது என்னை மிகவும் வருத்தியது.

ஆகவே அந்த நிரல் உண்மையில் என்ன செய்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன். சிகாகோவில் வார்டு கிறிஸ்டென்சனும் ராண்டி சூஸும் 1978 பிப்ரவரியில் இயக்கத் தொடங்கிய முதல் பலகை தனித்து நின்ற ஒன்று; அதில் எழுதியதை அதே பலகைக்குத் தொலைபேசியில் அழைத்தவர்கள்தான் படிக்க முடியும். 1984இல் டாம் ஜென்னிங்ஸ் உருவாக்கிய ஃபைடோநெட், ஒரு பலகை மற்றொரு பலகையை இரவில் தானே அழைத்து மடல்களைக் கொடுத்து வாங்கும்படி செய்தது. 1986இல் டல்லாஸைச் சேர்ந்த ஜெஃப் ரஷ் கொண்டுவந்த எக்கோமெயில் முறையால் ஒரே உரையாடல் பல பலகைகளிலும் ஒருசேர நடக்கலாயிற்று. ‘டாஸ்’ (toss), ‘ஸ்கேன்’ (scan) என்ற இணைச்சொற்கள் இந்தச் சூழலில் பழகியவை. வந்து சேர்ந்த கட்டைப் பிரித்து அந்தந்தப் பகுதியில் மடல்களைப் போடுவது டாஸ். இங்கே எழுதப்பட்டவற்றுள் இன்னும் வெளியே போகாதவற்றைக் கண்டெடுத்துக் கட்டாக்குவது ஸ்கேன். அடுத்து வந்த கான்ஃப்மெயில் என்ற நிரல் இதே இரண்டு வேலைகளையும் ‘இம்போர்ட்’, ‘எக்ஸ்போர்ட்’ என்று அழைத்தது. அதாவது, இவ்விடத்தில் ஸ்கேன் என்ற சொல் ‘மேலோட்டமாகப் பார்வையை ஓட்டுதல்’ என்ற அளவில் ஒருபோதும் நின்றதில்லை. அனுப்புதற்குரியதை எடுத்து வெளியே வைப்பது வரை அதன் பொருள் நீள்கிறது.

பழைய பலகை ஒன்றின் மடல்கள் இருந்த அடைவை (folder), பழைய கணினியைப் போல இயங்கும் போலி இயந்திரத்தில் (emulator) ஏற்றி, நிரலை ஓடவிட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு மடலும் தனித்தனிக் கோப்பு. பெயர் வெறும் எண்தான். ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் 190 பைட் தலைப்பு இருக்கிறது. எழுதியவர் பெயருக்கு 36, பெறுபவர் பெயருக்கு 36, பொருளுக்கு 72, தேதிக்கு 20 என்று இடம் ஒதுக்கப்பட்டு, கூடவே மடலின் நிலையைக் காட்டும் சில குறிகளும் உள்ளன. முதல் எண்ணுள்ள கோப்பு மடலே அன்று. முன்முறை எந்த எண் வரை அனுப்பியாயிற்று என்பதை நிரல் தனக்காக அங்கே எழுதி வைத்துக்கொள்கிறது. நான் திறந்தபோது அதில் 212 என்றிருந்தது. அடைவில் 219 வரை கோப்புகள் இருந்தன. நிரல் 213இல் தொடங்கி ஏழு கோப்புகளையும் ஒவ்வொன்றாகத் திறந்தது. அவற்றுள் மூன்று மடல்கள் செய்திக்குழுவிலிருந்தே பலகைக்கு வந்து சேர்ந்தவை. அவற்றைத் தொடாமல் விட்டுவிட்டு, பலகையிலேயே எழுதப்பட்ட நான்கை மட்டும் எடுத்தது. கடைசியாக, 212 இருந்த இடத்தில் 219 என்று எழுதியது.

அந்த மூன்றை விட்டது சிறிய செய்தியன்று. அவற்றையும் எடுத்திருந்தால், யூஸ்நெட்டிலிருந்து வந்த மடல் புதிய அடையாளத்தோடு யூஸ்நெட்டுக்கே திரும்பிப் போய், உலகெங்கும் உள்ள வாசகர்கள் ஒரே மடலை இரண்டு முறையும் மூன்று முறையும் படிக்க நேர்ந்திருக்கும். யூஸ்நெட்டில் இரட்டிப்பைத் தடுப்பது ஒவ்வொரு இடுகைக்கும் உரிய தனி அடையாள எண். எக்கோமெயிலிலோ ஒரு மடலை எந்தெந்தப் பலகைகள் முன்பே கண்டன என்ற பட்டியல் மடலின் அடியிலேயே வளர்ந்துகொண்டு போகும். இருவேறு காவல் முறைகளுக்கு நடுவே, பலகையையும் யூஸ்நெட்டையும் இணைக்கும் வாயிலில் (gateway), பொறுப்பு முழுவதும் இந்த எடுக்கும் நிரலின் மேல்தான் விழுகிறது. எதை எடுப்பது என்பதைவிட எதை எடுக்கக் கூடாது என்பதை அறிவதே இதன் முதன்மையான வேலை என்பேன்.

எடுத்த பிறகு நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1987 டிசம்பரில் வெளியான ஆர்.எஃப்.சி. 1036 என்ற இணைய நெறிமுறை ஆவணம் யூஸ்நெட் இடுகைகளுக்கு வகுத்த வடிவத்துக்கு மடலின் தலைப்பு மாற்றி எழுதப்படும். ஃபைடோநெட் மடலின் தேதியில் நேர மண்டலம் கிடையாது என்பதால் அதை வாயில்நிரலே சேர்க்க வேண்டும். ஃபைடோநெட்டில் பலகையின் முகவரியாக அமையும் மண்டலம், வலை, கணு எண்கள் fidonet.org என்று முடியும் இணைய முகவரியாக மாறும். இவ்வாறு ஆயத்தமான இடுகைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொன்றின் முன்னும் அதன் பைட் எண்ணிக்கையைச் சொல்லும் ‘ஆர்நியூஸ்’ வரி ஒன்றை இட்டால் கட்டு முடிந்தது. எம்.எஸ்.டாஸ் (MS-DOS) இயங்குதளத்தில் ஓடிய யூஎஃப்கேட் போன்ற வாயில்நிரல்கள் இதைத்தான் செய்தன.

இனி சொற்களுக்கு வருகிறேன். வருடுதல் என்பது ஒரு பரப்பின் மேல் விடாமல், சீராகத் தடவிச் செல்வது. அதில் பொறுக்குதலும் இல்லை, விலக்குதலும் இல்லை. பட வருடிக்கு அது மிகப் பொருத்தமான சொல். அதனாலேயே இங்கே வேண்டாம் என்கிறேன். துழாவுதல் இருட்டில் கைபோன போக்கில் தேடுவது. நம் நிரலோ 213இல் தொடங்க வேண்டும் என்று திட்டமாக அறிந்து போகிறது. ‘திரட்டி’ நல்ல சொல்தான். ஆனால் பல வலைப்பதிவுகளிலிருந்து இடுகைகளை ஓரிடத்தில் கொண்டுவந்து காட்டும் தளங்களுக்கு அது நிலைத்துவிட்டது. மேலும் அங்கே பொருள்கள் உள்ளே வருகின்றன, இங்கே வெளியே போகின்றன. ‘பொறுக்குதல்’ வினையளவில் சரியாக இருந்தாலும் அதிலிருந்து நிரலுக்குப் பெயர் ஆக்க முடியாது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. தபால் பெட்டியில் கடிதம் எடுக்கும் நேரம் எழுதிய தகட்டை நினைத்து ‘எடுப்பு’ என்ற சொல்லையும் கருதிப் பார்த்தேன். தனியே நிற்கும்போது அது எடுப்புக் கழிப்பறைகளையும், அவற்றைச் சுத்தம் செய்யும்படி மனிதர்களை வைத்திருந்த கொடுமையையும் நினைவூட்டுகிறது. அதைத் தனிச்சொல்லாக நான் எழுத மாட்டேன்.

என் முன்மொழிவு ‘ஆய்ந்தெடுத்தல்’, நிரலுக்கு ‘ஆய்ந்தெடுப்பி’. வீட்டில் கீரை ஆய்வதைப் பார்த்திருப்பீர்கள். கட்டை அவிழ்த்து முறத்தில் பரப்பி, ஒவ்வொரு தண்டும் கைவிரலுக்கு வந்து போகும். புல்லும் பழுத்த இலையும் ஒதுக்கப்படும். சட்டிக்குப் போக வேண்டியது மட்டும் தனியே சேரும். ஒன்றையும் பார்க்காமல் விடுவதில்லை, பார்த்த எல்லாவற்றையும் எடுப்பதுமில்லை. இந்த நிரலின் வேலையை எந்த அகராதியும் இதைவிடத் துல்லியமாகச் சொல்லிவிட முடியாது. “ஆய்ந்தாய்ந்து கொள்ளாதான்” என்று நட்பாராய்தலில் வள்ளுவர் சொல்லும்போதும் ஆய்தலை அடுத்துக் கொள்ளுதல் வருவதைக் காண்க.

இதன் இணையான டாஸுக்குப் ‘பிரித்திடல்’ என்று பரிந்துரைக்கிறேன். தபால் பிரித்தல் என்பது அஞ்சலகத்தில் வழங்கும் தொடர்தான். பிரித்ததை உரிய பகுதியில் இடுவதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது.

அன்புடன்,
சொற்பட்டியல் தொகுப்புப் பணியிலிருந்து

மறுமொழி:

அன்புடையீர்,

வணக்கம். வருடியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அந்த மாணவி கேட்ட கேள்விக்குப் பிறகு அதை வைத்துக்கொள்வது முறையாகாது.

ஆயினும் ஆய்ந்தெடுத்தலில் எனக்கு இரண்டு தயக்கங்கள் உண்டு. கீரையை ஆய்ந்தால் இலை தண்டை விட்டுப் போய்விடுகிறது. பலகையில் மடல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதன் படி மட்டுமே வெளியே போகிறது. எடுத்தல் என்றால் அங்கே வெற்றிடம் ஏற்பட்டதாக வாசகர் எண்ண மாட்டாரா? ‘எக்ஸ்போர்ட்’ என்பதற்குப் பழகிவிட்ட ‘ஏற்றுமதி’யிலும் இதே குறை இருப்பதை அறிவேன். அடுத்து, 212 என்ற எண்ணை 219 என்று மாற்றி எழுதுகிறதே, அந்தச் செயல் உங்கள் சொல்லில் எங்கே இருக்கிறது? அது நடக்காவிட்டால் நாளை இரவும் அதே நான்கு மடல்கள் போகும். ஆங்கிலத்தில் அதை வெள்ளத்தின் உச்ச அளவைக் காட்டும் குறியாக உருவகித்திருக்கிறார்கள். நாமும் ‘வெள்ளக்குறி’ என்று கொள்ளலாமா என்பதையும் சொல்லுங்கள்.

அன்புடன்,
முன்மொழிந்தவன்

மறுமொழி:

பெருமதிப்புக்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். முதல் தயக்கத்துக்கு நம் பேச்சு வழக்கிலேயே விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். படம் எடுக்கிறோம், குறிப்பு எடுக்கிறோம், பத்திரத்துக்குப் படி எடுக்கிறோம். எதிலும் மூலம் இருந்த இடத்தை விட்டு நகர்வதில்லை. அதைக் கேட்டு யாரும் குழம்புவதுமில்லை. எடுத்தல் என்ற வினை, மூலத்தை அகற்றாமல் அதிலிருந்து ஒன்றைப் பெறுவதற்கும் தமிழில் நெடுங்காலமாக வழங்குகிறது. ஏற்றுமதிக்கு அந்த வசதி இல்லை. சரக்கு கப்பலேறினால் கிடங்கில் இராது. எனவே ஏற்றுமதியைக் கோப்பு வடிவ மாற்றத்துக்கு நிரல்களின் கட்டளைப் பட்டியில் (menu) வரும் சொல்லாக விட்டுவிட்டு, பலகை மடல்களைப் பற்றி எழுதும்போது ஆய்ந்தெடுத்தலையே ஆளலாம்.

இரண்டாவதாகத் தாங்கள் சுட்டிய குறை உண்மையானது; அதை நான் கவனிக்கத் தவறிவிட்டேன். யூஸ்நெட் பக்கத்தை ஒப்பிட்டால் அது இன்னும் தெளிவாகிறது. அங்கே பி நியூஸ், சி நியூஸ் போன்ற நிரல்கள், இடுகை வந்த உடனேயே அதன் கோப்புப் பெயரை அடுத்த கணினிக்கு அனுப்ப வேண்டியவற்றின் பட்டியலில் எழுதிவிடும். கட்டுவதற்கு நேரம் வரும்போது பட்டியலைப் பார்த்தால் போதும். அடைவை ஆய வேண்டிய தேவையே எழாது. பலகையில் அப்படி ஒரு பட்டியல் இல்லாததால்தான் ஆய்தலும் வேண்டியிருக்கிறது, எதுவரை ஆய்ந்தோம் என்ற குறியும் வேண்டியிருக்கிறது. ஆகவே அந்தக் குறிக்குத் தனிப்பெயர் கட்டாயம் வேண்டும்.

‘வெள்ளக்குறி’ மட்டும் வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். வெள்ளக்குறி என்றால் நீர் வந்து வடிந்துபோன உயரம் என்றுதான் ஆற்றங்கரையில் இருப்பவர் கொள்வார். இந்தக் குறியோ மறுநாள் தொடங்க வேண்டிய இடத்தைக் காட்டுவது. பாராயணம் செய்பவர் விட்ட இடத்தில் நூலை வைத்து மூடுவதைப் போன்றது. எனவே ‘விட்டகுறி’ என்று கொள்ளலாம். பழைய மடல்களை அழித்து எஞ்சியவற்றுக்கு எண்களை மாற்றி இடும்போது இந்தக் குறியையும் சேர்த்துத் திருத்தாவிட்டால் புதிய மடல்கள் விடுபட்டுப் போகும் என்பதை எழுதும்போது, “விட்டகுறி இடம் மாறிவிட்டது” என்று இயல்பாகச் சொல்ல முடிகிறது.

தாங்கள் இசைந்தால் பட்டியலில் இப்படிப் பதிகிறேன்:

ஆய்ந்தெடுத்தல்: பலகையின் ஒரு பகுதியில் விட்டகுறிக்கு அடுத்துள்ள மடல்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, செய்திக்குழுவிலிருந்து வந்தவற்றை விலக்கி, பலகையில் எழுதப்பட்டவற்றுக்கு மட்டும் படி எடுத்துக் கட்டில் சேர்த்து, விட்டகுறியை முன்னகர்த்துதல். இதைச் செய்யும் நிரல் ஆய்ந்தெடுப்பி. எதிர்ச்செயல்: பிரித்திடல்.

அன்புடன்,
சொற்பட்டியல் தொகுப்புப் பணியிலிருந்து