எண்ணூர் கழிமுகம்: ஆக்சிஜன் அளவு ஏன் இப்படித் தாவுகிறது?

கழிமுகத்தான்: எங்கள் ஊர்க் குழு எண்ணூர் கழிமுகத்தில் கரைந்த ஆக்சிஜனை விங்க்ளர் முறையில் (வேதிப்பொருள் கலந்து, சொட்டுச் சொட்டாகக் கரைசல் விட்டு அளப்பது) பார்க்கிறது. ஒரே இடத்தில் ஒருநாள் லிட்டருக்கு 3 மி.கி., மறுநாள் 7. தப்பு எங்கே?

உப்பங்கழி: எத்தனை மணிக்கு எடுத்தீர்கள்? பாசி பகலில் ஆக்சிஜன் விடும், இரவில் தானே தின்னும். மீனுக்கு ஆபத்து விடியலை ஒட்டித்தான். கடல் ஏற்றமா வற்றமா என்றும் எழுதுங்கள். வற்றத்தில் வருவது கொசஸ்தலை ஆற்றுத் தண்ணீரும் பக்கிங்காம் கால்வாய்த் தண்ணீரும்.

பிப்பெட்: வாளியில் மொண்டு ஊற்றினால் காற்று கலந்து அளவு கூடிவிடும். 300 மி.லி. பாட்டிலின் அடிவரை குழாயை விட்டு, இரண்டு மூன்று பாட்டில் அளவு வழிய விடுங்கள். படகிலேயே மாங்கனீசு சல்பேட் 2 மி.லி., கார அயோடைடு அசைடு 2 மி.லி., விடும்போது பிப்பெட் நுனி தண்ணீருக்குள் இருக்கட்டும். மூடியபின் ஒரு குமிழ் தெரிந்தாலும் கொட்டிவிடுங்கள். வீழ்படிவு வெள்ளையாகவே நின்றால் ஆக்சிஜன் ஏறக்குறைய இல்லை. பிறகு அடர் கந்தக அமிலம் 2 மி.லி. (கையுறை, கண்ணாடி கட்டாயம்). 203 மி.லி. எடுத்து 0.025 நார்மல் (செறிவு அளவு) தயோசல்பேட் விட்டால், செலவாகும் 1 மி.லி.க்கு லிட்டருக்கு 1 மி.கி. ஆக்சிஜன் கணக்கு. வெளிர் மஞ்சளான பிறகே ஸ்டார்ச் (நிறங்காட்டி) சேருங்கள். தயோசல்பேட் பழசாகி வலுவிழந்தால் அளவு கூடுதலாகக் காட்டும்; பலரும் கோட்டைவிடுவது இதில்தான்.

உப்பங்கழி: இன்னொன்று. 30 டிகிரியில் நன்னீர் லிட்டருக்குச் சுமார் 7.5 மி.கி. ஆக்சிஜன் தாங்கும், கடல்நீர் 6.2தான். உப்பும் வெப்பமும் குறிக்காமல் அந்த 7ஐ நம்ப முடியாது.