தோளுக்கு மேல் பறக்கும் உதவியாளர்: எந்த உருவத்தில் வரவேண்டும்?

நிலாவெளியான்:
இன்னும் இருபது வருடத்தில் ஃபோன் சட்டைப்பையில் இருக்காது, தோளுக்கு மேல் பறந்து வரும் என்று நினைக்கிறேன். வழி சொல்லும், மருந்து நேரம் நினைவூட்டும், இருட்டில் வெளிச்சம் காட்டும். உருவம்? என் விருப்பம் தும்பி. ஜெர்மனியின் ஃபெஸ்டோ நிறுவனம் 2013இலேயே 175 கிராமில் ஒரு தும்பி ரோபோவைப் பறக்கவிட்டது. அதைச் சுருக்கினால் பக்கத்தில் இருப்பதே தெரியாது.

உப்புவெளி அக்கா:
தெரியாமல் இருப்பதுதான் எனக்குப் பயம், தம்பி. கமராவும் மைக்கும் வைத்த ஒன்று தும்பி வேஷத்தில் என் கிணற்றடிக்கு மேலால் போனால் எனக்கு எப்படித் தெரியும்? பளிச்சென்ற மஞ்சள் நிறம், எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தூரத்திலேயே விளங்கும் ஒற்றைக் கண், பதிவு செய்தால் சிவப்பு விளக்கு. இவ்வளவும் வேண்டும்.

சீனக்குடா பொறியாளர்:
காற்று எதற்கு இடம் கொடுக்கும் என்றும் பாருங்கள். அந்தத் தும்பியின் இறக்கை விரிப்பு 63 சென்ரிமீற்றர். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ரோபோபீ என்ற குட்டிப் பறக்கும் ரோபோ உண்மையாகவே தேனீ அளவுதான், ஆனால் 2013இல் அது பறந்தபோது மின்சாரம் வயர் வழியாகப் போனது. அந்தரத்தில் நிற்கும் கருவிக்கு விசிறியின் பரப்பு சுருங்கச் சுருங்க, அதே எடையைத் தாங்கக் கூடுதல் சக்தி வேண்டும். பற்றரி அங்கேதான் தோற்கிறது. 2022இல் வந்த ஸ்னாப் பிக்ஸி என்ற பறக்கும் கமரா 101 கிராம்தான், ஒரு தடவை எழும்பினால் சில விநாடிகளில் இறங்கிவிட்டது.

முகம் காட்டிப் பேசி மிதக்கும் உருண்டை உதவியாளர் ஏற்கனவே வந்துவிட்டது. 2018இல் விண்வெளி நிலையத்துக்குப் போன சைமன், 5 கிலோ. அங்கே எடையைத் தாங்க வேண்டியதில்லை, நகர்த்தச் சின்ன விசிறிகள் போதும். திருகோணமலையில் கச்சான் காற்று அடிக்கும் மாதத்தில் உருண்டை நிற்காது. என் கணிப்பில் அகலமான மெல்லிய தட்டு, விசிறிகளைச் சுற்றி வளையம், நடுவில் சின்ன உடல். முழுநேரமும் பறக்காது. பையில் ஒட்டியிருந்து, கூப்பிட்டால் எழும்பும்.

மூதூர்க்கரை:
ஹீலியம் பலூன்?

சீனக்குடா பொறியாளர்:
1 லீற்றர் ஹீலியம் ஏறத்தாழ 1 கிராமைத்தான் தூக்கும். 250 கிராம் கருவிக்கு முக்கால் மீற்றருக்கு மேல் குறுக்களவுள்ள பலூன் வேண்டும். மண்டபத்துக்குள் சரி, டச்பே கடற்கரையில் பறந்தே போய்விடும்.

நிலாவெளியான்:
அண்ணா சொல்லும் தட்டு என்றே வைப்போம். என் அம்மம்மாவுக்குப் பார்வை குறைவு. கோணேசர் கோயிலுக்கு ஏறும்போது மஞ்சள் தட்டு தலைக்கு மேல் இரைந்தால் எல்லோரும் அவவைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். அப்புறம் அவ அதைக் கொண்டே போகமாட்டா. உதவி தேவைப்படுகிற ஆளை ஊருக்குக் காட்டிக்கொடுக்கிற உருவம் எனக்கு வேண்டாம்.

உப்புவெளி அக்கா:
அம்மம்மாவுக்காக நிறத்தை விட்டுத் தருகிறேன், சேலை நிறத்திலேயே இருக்கட்டும். கண்ணையும் விளக்கையும் விடமாட்டேன். இரைச்சலும் குறையவேண்டும். போர்க்காலத்தில் வன்னியில் ‘வண்டு’ என்ற வேவு விமானத்தின் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். அந்தச் சத்தத்தைக் கோயில் வாசலில் அவர்கள் திரும்பக் கேட்கக்கூடாது.

சீனக்குடா பொறியாளர்:
விசிறி பெரிதாகி மெதுவாகச் சுற்றினால் அந்தக் கீச்சொலி நன்றாகக் குறையும். ஆனால் தட்டு இன்னும் அகலமாகும். தம்பி, அம்மம்மா அதற்குச் சம்மதிப்பாவா?

நிலாவெளியான்:
மடக்கினால் அவவின் கைப்பைக்குள் போகவேண்டும், அண்ணா. அதற்கு வழியிருந்தால் அகலத்துக்கு நான் சம்மதம். சிவப்பு விளக்கு அவவின் முகத்துக்கு நேரே மின்னக்கூடாது, வெளிப்பக்கம் பார்த்து இருக்கட்டும்.