மறுமொழி: பழைய சொற்செயலிக் கோப்புகள் – ‘மரபு வடிவம்’ வேண்டாம், ‘அறியா வடிவம்’ போதும்

அனைவருக்கும் வணக்கம்.

பழைய சொற்செயலிகளில் உருவாக்கி, இன்றைய செயலிகளில் திறக்காத கோப்புகளின் வடிவத்தைக் குறிக்க ‘மரபு வடிவம்’, ‘தொன்மை வடிவம்’ என்று இரண்டு சொற்கள் இங்கே முன்வைக்கப்பட்டிருக்கின்றன. இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. மரபு என்றால் இன்றும் கைக்கொள்ளப்படுவது என்றுதான் தமிழில் பொருள். கைவிடப்பட்ட ஒன்றுக்கு அதைச் சூட்டுவது முரண். அதைவிட, கோப்பு திறக்காமல் போவதற்கு வயது காரணமே இல்லை. வேர்டு கோப்புகளுக்கான டாக்-எக்ஸ் (.docx) வடிவம் 2007 பதிப்போடு வந்தபோது, வேர்டு 2003 வைத்திருந்தவர்கள் கூடுதல் நிரல் ஒன்றை நிறுவாமல் அதைத் திறக்க முடியவில்லை. அங்கே கோப்பு புதிது, செயலிதான் பழையது. கோப்பில் உரை அடுக்கப்பட்டிருக்கும் முறையைச் செயலி அறிந்திருக்கிறதா, இல்லையா? கேள்வி அது ஒன்றே. ஆகவே ‘அறியா வடிவம்’ என்கிறேன்.

இந்தச் சொல்லில் நான் இவ்வளவு அக்கறை காட்டுவதற்குக் காரணம் உண்டு. தக்கலைப் பக்கம் வில்லிசைப் புலவர் ஒருவரின் குடும்பத்தார் ஒரு குறுந்தகட்டைக் கொண்டுவந்தார்கள். முத்தாரம்மன் கதை, சுடலைமாடன் கதை என்று அவர் பாடிவந்த பாடங்களைத் தாமே தட்டச்சு செய்து வைத்திருந்தார். மகன் வளைகுடாவிலிருந்து வாங்கிவந்த கணினி. அதில் இருந்த சொற்செயலி வேர்டு அல்ல, மைக்ரோசாஃப்ட் ஒர்க்ஸ் என்ற பழைய தொகுப்பு. டி.டி.பி. கடையில் வேர்டில் திறந்து பார்த்துவிட்டு, “ஃபைல் கெட்டுப்போச்சு” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

கோப்பு கெடவில்லை. லிப்ரெஆஃபீஸ் என்ற கட்டற்ற செயலி, ஒர்க்ஸ் கோப்புகளைப் படிக்கும். திறந்தது, பத்திகளும் தடித்த தலைப்புகளும் அப்படியே இருந்தன. ஆனால் திரையில் தமிழ் இல்லை. ‘தமிழ்’ என்று இருக்கவேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி (jkpo;). ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழெழுத்து வடிவங்களை வைத்த பாமினி எழுத்துருவில் அடித்தவர்களுக்கு இந்த வரிசை மனப்பாடமாக இருக்கும். குடும்பத்தாருக்கோ, கடைக்காரர் சொன்னதுதான் சரி என்று தோன்றிவிட்டது.

நம் சொற்களின் குறை இங்கேதான் தெரிகிறது. இரண்டு வேறு வேலைகளையும் நாம் ‘மாற்றம்’ என்றே சொல்கிறோம். ஒர்க்ஸ் கோப்பை லிப்ரெஆஃபீஸின் ஓடிடி (.odt) வடிவம் ஆக்குவது ஒன்று. பாமினியை ஒருங்குறி (யூனிகோடு) ஆக்குவது இன்னொன்று. முதலாவதைச் செய்து முடித்தபின்னும் எழுத்து புரியாவிட்டால், “மாற்றியும் சரியாகவில்லை” என்று கோப்பை வீசிவிடுகிறார்கள். இன்னும் மோசம், அவசரத்தில் வெற்றுரையாக, அதாவது எழுத்துகளை மட்டும் வைத்து, சேமித்துவிடுவது. சேமித்த கணமே எழுத்துருவின் பெயர் போய்விடும். எந்தச் சொல் பாமினியில் இருந்தது, எது டைம்ஸ் எழுத்துருவில் இருந்த ஆங்கிலம் என்று பிரித்தறிய வழியிருக்காது. மொத்தத்தையும் ஒருங்குறி ஆக்கும் நிரலில் போட்டால் ஆங்கிலச் சொற்களும் பொருளற்ற தமிழெழுத்துகளாகிவிடும். ஒரு புலவரின் பாடம் இப்படிக் குலைந்தால், மூலக் கோப்பும் கையில் இல்லாதபோது, மீட்பது பெரும்பாடு.

அதனால் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் கேட்கிறேன். எழுத்துக்குறிகளை மாற்றுவதற்குக் ‘குறிமாற்றம்’ இருக்கட்டும். கோப்பின் வடிவத்தை மாற்றுவதற்கு ‘வடிவப்பெயர்ப்பு’. பழுதான ஏட்டிலிருந்து புது ஏட்டுக்கு எழுதுவதைப் ‘பெயர்த்தெழுதுதல்’ என்றே சொல்லிவந்திருக்கிறோம். பாடம் அதேதான், தாங்கும் ஏடு மட்டும் வேறு. சாமித்தோப்பில் அய்யாவழியாரின் திருஏடு வாசிப்புக் கேட்டு வளர்ந்த எங்கள் பக்கத்தாருக்கு இதை விளக்கவே வேண்டாம். மொழிபெயர்ப்போடு குழம்பும் என்ற மறுப்பை எதிர்பார்க்கிறேன். முன்னே ‘வடிவம்’ நிற்பதால் குழம்பாது என்பது என் துணிபு.

கோப்பின் பெயரில் புள்ளிக்குப் பின் வரும் எழுத்துகளைக் குறிக்கும் ‘கோப்பு நீட்சி’ பற்றியும் ஒரு வார்த்தை. நீட்சியைப் பார்த்து வடிவத்தைச் சொல்லிவிடலாம் என்ற எண்ணத்தை அந்தச் சொல் வளர்க்கிறது. ஒர்க்ஸ் கோப்புப் பெயரின் முடிவில் வரும் அதே டபிள்யூபிஎஸ் (.wps) என்ற மூன்றெழுத்தைக் கிங்சாஃப்ட் சொற்செயலியும் தன் கோப்புக்கு வைத்துக்கொண்டது. ஒரே ஒட்டு, முற்றிலும் வேறான இரண்டு வடிவங்கள். ‘பின்னொட்டு’ என்றால் அது பெயரோடு ஒட்டியது, உள்ளடக்கத்தோடு அல்ல என்பது விளங்கும்.

ஆங்கிலக் கோப்புக்கும் இந்தச் சிக்கல் உண்டு என்று ஈரோட்டு நண்பர் எழுதியிருந்தார். உண்மைதான். வேர்டுஸ்டார் என்ற பழைய சொற்செயலியின் தொடக்கப் பதிப்புகள் சொல்லின் கடைசி எழுத்தில் எட்டாவது துகளை (பிட்)த் தம் அடையாளத்துக்கு எடுத்துக்கொண்டன. சாதாரண உரைத்திருத்தியில் திறந்தால் ஒவ்வொரு சொல்லின் வாலும் சிதைந்து தெரியும். ஆனால் அங்கே வடிவப்பெயர்ப்போடு வேலை முடிந்துவிடும். நமக்கு அதற்குப் பின்னும் குறிமாற்றம் இருக்கிறது, அதுவும் அந்த வரிசையிலேயே.

செயலிகளைத் தமிழாக்குபவர்களிடம் ஒரு வேண்டுகோள். ‘கோப்பைத் திறக்க இயலவில்லை’ என்று மட்டும் எழுதாதீர்கள். ‘இக்கோப்பின் வடிவத்தை இச்செயலி அறியாது, மூலக் கோப்பை அழிக்க வேண்டாம்’ என்று எழுதுங்கள். இடம் போதாவிட்டால் முதல் பாதியைச் சுருக்குங்கள், இரண்டாவதை விடாதீர்கள்.

‘வடிவப்பெயர்ப்பு’க்கு இதைவிடச் சின்ன சொல் யாரிடமாவது இருந்தால் தாருங்கள். செயலியின் பட்டியில் உள்ள பொத்தானில் அடங்குமா என்பதுதான் எனக்கு மிச்சமிருக்கும் ஐயம்.

அன்புடன்,
நாகர்கோவிலிலிருந்து