புதுப்பிப்பு: ரிஜிஸ்ட்ரி க்ளீனர் ஓட்டிய பிறகு நின்றுபோன எடைச்சீட்டு பிரிண்டர்

போன வாரம் எழுதியிருந்தேன்: ஈரோட்டில் மாமாவின் மஞ்சள் மண்டி கணினி மெதுவாக ஓடுகிறதென்று ரிஜிஸ்ட்ரியை (விண்டோஸும் புரோகிராம்களும் தங்கள் அமைப்புகளைக் குறித்துவைக்கும் இடம்) சுத்தம் செய்யும் இலவச க்ளீனர் ஒன்றை ஓட்டினேன். 600க்கும் மேல் பிழை என்றது, எல்லாவற்றையும் அழித்தேன். மறுநாள் எடைச்சீட்டு வரவில்லை. இப்போது சரியாகிவிட்டது.

முதலில் கணக்கு ஃபோல்டரைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டேன். பிறகு சிஸ்டம் ரீஸ்டோர், அதாவது விண்டோஸ் அமைப்புகளை முன்பு பதிந்துவைத்த நிலைக்கு (ரீஸ்டோர் பாயிண்ட்) திருப்பும் வசதி. நல்லவேளை, விண்டோஸ் அப்டேட்டின்போது உருவான ரீஸ்டோர் பாயிண்ட் இருந்தது. அரைமணி நேரம் மாமா பக்கத்திலேயே நின்று, "ஏனுங்க மாப்ள, இனிச் சீட்டு வருமுங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கரகரவென்று முதல் சீட்டு வந்ததும்தான் உட்கார்ந்தார்.

பழைய ரிஜிஸ்ட்ரி பதிவுகள் பிடிக்கும் இடம் மிகக் கொஞ்சம். அழித்தால் வேகம் அதிகரிக்காது. இத்தகைய க்ளீனர்களை மைக்ரோசாஃப்ட்டே ஆதரிப்பதில்லை. விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பிலிருந்து ரிஜிஸ்ட்ரி தானாக பேக்கப் ஆவதும் நின்றுவிட்டது. அதனால் ரீஸ்டோர் வசதி ஆனில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். ஏதாவது ஒரு பதிவை மாற்றியே ஆகவேண்டுமென்றால், ரெஜ்எடிட்டில் (ரிஜிஸ்ட்ரியைத் திருத்தும் விண்டோஸ் கருவி) அந்தப் பதிவு இருக்கும் கீயை (ஃபோல்டர் போன்ற பகுதி) மட்டும் ஒரு ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்துவிட்டுத் தொடுங்கள். அழித்தது அந்த ஃபைலைத் திறந்தால் திரும்பிவரும். புதிதாகச் சேர்த்தது மட்டும் தானாக நீங்காது.

அப்புறம் வேகம்? டாஸ்க் மேனேஜரில் தேவையில்லாத ஸ்டார்ட்அப் புரோகிராம்களை நிறுத்தினேன், பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் அதைவிட வேகமான எஸ்எஸ்டி டிரைவ் போட்டோம். இப்போது மாமா டீ வருவதற்குள் பில் போட்டுவிடுகிறார்.